தள்ளினால் வண்டி, கட்டினால் தூளி

ஹைதராபாதின் மேற்குப் பக்கத்தில் கொண்டாப்பூர், கச்சிபௌலி என்று நீளும் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் மாலை ஐந்தரை மணிக்குப் போய் நின்றால் இரண்டு கட்சிகளைப் பார்க்கலாம். ஒரு கட்சி குழந்தையை வண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வரும். இன்னொரு கட்சி குழந்தையைத் துணியால் மார்போடு கட்டிக்கொண்டு வரும். எதிரெதிரே வரும்போது புன்னகைத்துக்கொள்வார்கள். கடந்து போனதும் பரஸ்பரம் அனுதாபப்படுவார்கள். "பாவம், அந்தக் குழந்தைக்கு மூச்சு விடவே இடமில்லை" என்பார் வண்டிக்காரர். "பாவம், பெற்ற பிள்ளையைக் கையில் எடுக்கக்கூட மனசில்லை" என்பார் துணிக்காரர்.

துணிக்கு ஆங்கிலத்தில் ஸ்லிங் என்று பெயர். நடமாடும் தூளி என்று வைத்துக்கொள்ளுங்கள். வண்டிக்கு பிராம், ஸ்ட்ரோலர் என்று உருவத்துக்கு ஏற்றபடி பெயர்கள். எதை வாங்குவது என்பது சோப்பு, பவுடர் போலச் சாதாரண விஷயம் என்று நினைத்திருந்தேன். இல்லை. தாய்ப்பால், தடுப்பூசிக்கு அடுத்தபடியாக இளம் பெற்றோர்கள் மனஸ்தாபப்படும் விஷயம் இதுதான் என்று தோன்றுகிறது. ஒரே வீட்டுக்குள்ளேயே இரண்டு கட்சியும் இருந்தால் கேட்கவே வேண்டாம்.

எனக்குத் தெரிந்த ஒரு தமிழ்த் தம்பதி கொண்டாப்பூரில் இருக்கிறார்கள். கணவர் கோயமுத்தூர்க்காரர், மனைவி கும்பகோணம். இருவருக்கும் மென்பொருள் வேலை. குழந்தை பிறந்த மூன்றாவது வாரம் கணவர் ஒரு வண்டி வாங்கி வந்தார். பன்னிரண்டு கிலோ எடை, கப் வைக்க இடம், கொசுவலை, சகல வசதியும் உண்டு. மனைவி அதைச் சுற்றி ஒரு முறை நடந்தார்.

"ஏங்க, இதை யார் கீழே இறக்குவாங்க? லிஃப்டுல இதை வச்சா எனக்கு நிக்க இடம் இருக்காது."

"மடக்கிக்கலாம், விடு."

"பிள்ளையை ஒரு கையில வச்சுக்கிட்டு இன்னொரு கையால மடக்கிக் காட்டுங்க, பார்ப்போம்."

காட்ட முடியவில்லை. மறுவாரம் மனைவி ஒரு ஸ்லிங் வரவழைத்தார். இப்போது எதிர்ப்பு ஊரிலிருந்து வந்திருந்த மாமியாரிடமிருந்து. "ஏங்கண்ணு, ரோட்டு வேலைக்குப் போறவங்களாட்டம் துணியில கட்டிக்கிட்டுத்தான் கடைக்குப் போகோணுமா?"

அந்த அம்மாள் மூன்று பிள்ளைகளை இடுப்பிலேயே வளர்த்தவர். குழந்தையை உடம்போடு வைத்துக்கொள்வதில் அவருக்கு ஆட்சேபணை கிடையாது. ஆட்சேபணை துணி மேல்தான். இடுப்பில் வைத்தால் குடும்பப் பெண், துணியில் கட்டினால் கூலிக்காரி. நம் நடுத்தர வர்க்கம் இதை ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆனால் கடைப்பிடித்து வந்திருக்கிறது. ஊசிமணி விற்கும் நரிக்குறவப் பெண்கள் தோளில் துணி கட்டிக் குழந்தையைச் சுமப்பதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். நம் வீட்டுக்கு உரியது அது என்று நினைத்ததில்லை. தூளி நம் வீட்டிலும் உண்டு. ஆனால் உத்தரத்தில் தொங்கும்வரைதான் அது தூளி. தோளுக்கு வந்தால் ஜாதி மாறிவிடுகிறது.

கொண்டாப்பூரிலிருந்து சற்றுத் தள்ளி கோகாபேட்டையில் கோபுரம் கோபுரமாகக் கட்டடங்கள் எழும்பிக்கொண்டிருக்கின்றன. மகபூப்நகரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வேலைக்கு வரும் பெண்களின் குழந்தைகள் அங்கே பழைய புடவைத் தூளியில் ஆடுகின்றன. கட்டி முடித்த கோபுரத்தில் குடியேறுகிறவர்கள் ஆயிரக்கணக்கில் கொடுத்துத் துணி வாங்குகிறார்கள். நெசவு, வளையம், செய்முறைப் புத்தகம் எல்லாம் சேர்த்துத்தான் அந்த விலை என்று சொல்லிக்கொள்ளலாம்.

அந்தத் துணி நம்மிடம் வந்த வழியே சுவாரஸ்யமானது. ஆன் மூர் என்ற அமெரிக்க நர்ஸ் 1960களில் பீஸ் கோர் தொண்டராக மேற்கு ஆப்பிரிக்காவின் டோகோ நாட்டில் வேலை பார்த்தார். அங்கே தாய்மார்கள் குழந்தைகளை முதுகில் கட்டிக்கொண்டு எல்லா வேலையும் செய்வதையும், குழந்தைகள் அமைதியாக இருப்பதையும் பார்த்தார். ஊர் திரும்பித் தனக்குக் குழந்தை பிறந்ததும் அதேபோல ஒரு பை தைத்துக்கொண்டார். 1969ல் அதற்குக் காப்புரிமையும் கிடைத்தது. 'ஸ்னக்லி' என்ற பெயரில் அமெரிக்கா முழுவதும் விற்றது. பிறகு ஹவாயில் ஒருவர் வளையம் வைத்த ஸ்லிங் செய்தார். 1980களில் வில்லியம் சியர்ஸ் என்ற குழந்தை மருத்துவர் அதைப் பிரபலமாக்கி, குழந்தையை 'அணிந்துகொள்வது' என்று அதற்கு ஒரு தத்துவமும் சேர்த்தார். ஆப்பிரிக்கத் தாயின் துணி அமெரிக்கா வழியாக ஹைதராபாத் வந்து சேர்ந்தது. மஞ்சளையும் வேம்பையும் பறிகொடுத்துவிட்டு மீட்ட நமக்கு இதெல்லாம் பழகியிருக்க வேண்டும்.

வண்டியின் பூர்வீகம் வேறு மாதிரி. 1733 வாக்கில் வில்லியம் கென்ட் என்ற ஆங்கிலேயத் தோட்டக் கலைஞர் டெவன்ஷயர் பிரபுவின் குழந்தைகளுக்காக ஒரு சிறு ரதம் செய்தார். ஆடோ குட்டிக் குதிரையோ இழுக்க வேண்டியது. விக்டோரியா மகாராணி குழந்தைகளுக்கு வண்டி வாங்கியதும் லண்டனில் மவுசு ஏறியது. அந்த வண்டி கப்பலேறி நம் கன்டோன்மென்டுகளுக்கும் வந்தது. 1806ல் நிஜாம் சிக்கந்தர் ஜாவின் பெயரால் உருவான சிக்கந்தராபாத் அப்படிப்பட்ட ஊர். மதராஸ் ராணுவத்தின் பின்னாலேயே வந்த தமிழ்க் குடும்பங்கள் இங்கே நிறைய. கன்டோன்மென்ட் பங்களாக்களில் துரைமார் குழந்தைகளின் வண்டியைத் தள்ளியது துரைசானி அல்ல, ஆயா. பிள்ளை பார்ப்பவர் என்ற பொருளில் அந்தச் சொல்லையே போர்த்துகீசியர்கள்தான் கொடுத்தார்கள். ஆக, வண்டி வந்தபோதே இரண்டு விஷயங்களை எதிர்பார்த்து வந்தது: வழவழப்பான சாலை ஒன்று, தள்ள ஓர் ஆள் ஒன்று.

ஆயா இல்லாத தாய்மார்களுக்கு வண்டியைக் கொண்டுபோய்ச் சேர்த்தவர் ஓவன் மெக்லாரன். இரண்டாம் உலகப் போரின் ஸ்பிட்ஃபயர் விமானத்துக்குச் சக்கர அமைப்பு வடிவமைத்த பொறியாளர். கனமான பிராமோடு தன் மகள் அவஸ்தைப்படுவதைப் பார்த்து, 1965ல் குடைபோல மடங்கும் அலுமினிய வண்டியை உருவாக்கினார். மூன்று கிலோகூட இல்லை. கொண்டாப்பூர் கணவர் அதைப்போல ஒன்றை வாங்கியிருந்தால் பாதிச் சண்டை மிச்சமாகியிருக்கும். ஆனால் இந்த மாதிரி மெல்லிய வண்டிகளில் பல, தானாக உட்காரத் தெரியாத குழந்தைக்கு ஏற்றவையல்ல. ஆறு மாதம் காத்திருக்க வேண்டும்.

இரண்டு கட்சியும் எடுத்து வீசுவது ஆராய்ச்சிகளை. 1986ல் கனடாவின் மான்ட்ரியல் நகரில் 99 தாய்மார்களை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. குழந்தையை அழும்போது மட்டும் எடுக்காமல், சும்மா இருக்கும்போதும் நாளுக்குக் குறைந்தது மூன்று மணி நேரம் தூக்கி வைத்திருக்கும்படி ஒரு பகுதியினரிடம் சொன்னார்கள். ஆறாவது வாரத்தில் அந்தக் குழந்தைகளின் அழுகை மற்ற குழந்தைகளைவிட 43 சதவீதம் குறைவு. துணிக் கட்சி இதைக் கல்வெட்டுபோலப் பொறித்து வைத்திருக்கிறது. அதே குழுவைச் சேர்ந்தவர்கள் 1991ல், ஏற்கெனவே ஓயாமல் அழுகிற குழந்தைகளிடம் இதே வைத்தியத்தைச் செய்து பார்த்தபோது பலிக்கவில்லை. இதை யாரும் பொறிப்பதில்லை.

நியூயார்க்கில் 1990ல் வெளியான இன்னொரு ஆய்வு என்னை அதிகம் யோசிக்க வைத்தது. ஏழைத் தாய்மார்களில் ஒரு பிரிவுக்குக் குழந்தையைச் சுமக்கும் துணிப்பை கொடுத்தார்கள், மறு பிரிவுக்குப் பிளாஸ்டிக் நாற்காலி. பதின்மூன்றாவது மாதத்தில் தாயிடம் நம்பிக்கையான ஒட்டுதலோடு இருந்த குழந்தைகள் முதல் பிரிவில் 83 சதவீதம், இரண்டாவதில் 38 சதவீதம். ஐம்பது பேர்கூட இல்லாத சின்ன ஆய்வு. ஊரையே இதன் மேல் கட்டிவிட முடியாது. ஆனால் பையின் விலை எவ்வளவு என்று யோசித்தால் ஒதுக்கவும் முடியவில்லை.

தொடுதலின் பலம் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபணமானது எடை குறைந்த குழந்தைகளிடம். 1970களின் கடைசியில் கொலம்பியாவின் பொகோட்டாவில் எட்கர் ரே சனாப்ரியா என்ற மருத்துவர், இன்குபேட்டர் பற்றாக்குறையால், குறைமாதக் குழந்தைகளைத் தாயின் மார்பில் தோலோடு தோல் படும்படி கட்டி வைத்தார். கங்காரு முறை என்று பெயர். டெல்லி சப்தர்ஜங் உள்பட ஐந்து நாடுகளின் மருத்துவமனைகளில் உலக சுகாதார நிறுவனம் நடத்திய ஆய்வு 2021ல் வெளியானது. பிறந்ததுமே இப்படிக் கட்டி வைத்ததில் 28 நாட்களுக்குள் ஏற்படும் மரணம் 15.7 சதவீதத்திலிருந்து 12 சதவீதமாகக் குறைந்திருந்தது. தாயால் முடியாத நேரத்தில் தகப்பனும் பாட்டியும்கூட மார்பில் வாங்கிக்கொள்ளலாம். ஆனால் இதைக் காட்டி, கொழுகொழுவென்று இருக்கும் எட்டு மாதப் பிள்ளையைப் பூங்காவுக்கு எப்படிக் கொண்டுபோவது என்று தீர்ப்புச் சொல்ல முடியாது. வண்டியில் போனதால் எந்தக் குழந்தையும் பாசத்துக்கு ஏங்கிப் போனதாக நான் கேள்விப்பட்டதில்லை.

வண்டிக்காரர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. 2008ல் ஸ்காட்லாந்தின் டண்டீ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சுசான் ஸீடிக், தெருவில் போகும் ஆயிரக்கணக்கான வண்டிகளைக் கவனிக்க ஏற்பாடு செய்தார். குழந்தை தள்ளுகிறவரின் முகத்தைப் பார்க்கும் வண்டிகளில், தெருவைப் பார்க்கும் வண்டிகளைவிட இரண்டு மடங்குக்கு மேல் பேச்சு நடந்தது. நம் ஊரில் தெருவைப் பார்க்கும் வண்டிதான் அதிகம். தள்ளுகிறவர் செல்போனைப் பார்க்கிறார். பிள்ளை பஸ்ஸின் பின்புறத்தைப் பார்க்கிறது.

இதுவரை பேசியதெல்லாம் பிள்ளையைப் பற்றி. தாயின் முதுகைப் பற்றி இரண்டு கட்சியும் அதிகம் பேசுவதில்லை. 2019-21ன் தேசிய குடும்ப நல ஆய்வின்படி தெலுங்கானாவில் நடக்கும் பிரசவங்களில் 60.7 சதவீதம் சிசேரியன். நாட்டிலேயே இதுதான் அதிகம். அகில இந்திய சராசரி 21.5, தமிழ்நாட்டில் 44.9. அதாவது இந்த ஊரில் பத்துத் தாய்மார்களில் ஆறு பேருக்கு வயிற்றில் தையல். குழந்தையைவிட கனமான எதையும் ஆறு வாரத்துக்குத் தூக்காதே என்பது வழக்கமான மருத்துவ ஆலோசனை. பன்னிரண்டு கிலோ வண்டியைப் படியில் இறக்குவது அந்தத் தடைக்குள் அடங்கும். இடுப்பு வார் தையல் மேல் அழுந்தும் ஸ்லிங்கும் சரிப்படாது. மருத்துவரைக் கேட்காமல் கட்டிக்கொள்வது வீண் வீரம்.

அப்புறம் கணக்கு. மூன்று கிலோவில் பிறந்த பிள்ளை ஐந்து மாதத்தில் ஆறு, ஒரு வயதில் ஒன்பது. 'தாய்க்குச் சுமை தெரியுமா?' என்று கவிதையாகக் கேட்கலாம். தெரியும். முதுகெலும்புக்கு நன்றாகவே தெரியும். முதுகுவலிக்காரத் தாய் வண்டி கேட்டால் அவரைப் பாசமில்லாதவர் என்று சொல்கிறவர்கள் ஒரு மணி நேரம் சுமந்துவிட்டு வந்து பேசட்டும். இரட்டைக் குழந்தை பெற்றவரைப் பற்றி வாயே திறக்க வேண்டாம்.

இடுப்பில் வைத்தே வளர்த்த பாட்டிமார்களுக்கு மருத்துவ சாஸ்திரம் ஒரு பாராட்டு வைத்திருக்கிறது. கால் விரிந்து முட்டி மடங்கி உட்காரும் அந்த நிலை, குழந்தையின் இடுப்பு மூட்டு வளர உகந்தது. காலை நீட்டி இறுகச் சுற்றுவதுதான் கெடுதல். ஜப்பானில் 1970களில் இப்படிச் சுற்றாதீர்கள் என்று பிரசாரம் செய்ததும், நூற்றுக்கு ஒன்றுக்கு மேல் இருந்த இடுப்பு மூட்டு விலகல் 0.2 சதவீதமாக இறங்கியது. கால்கள் குச்சிபோலத் தொங்கும் மலிவுப் பைகளைத் தவிர்க்க இதுவே காரணம். 'இடுப்பில் பிள்ளையை வைத்துக்கொண்டு ஊரெல்லாம் தேடினாளாம்' என்ற பழமொழி தமிழிலும் உண்டு, தெலுங்கிலும் உண்டு. பிள்ளை இருப்பதே மறந்துபோகும் அளவுக்கு இடுப்பு பழகிய இரண்டு ஜனங்கள்தான் இப்படி ஒரு பழமொழியைச் சொல்ல முடியும். ஆனால் இடுப்புக்கு ஒரு கை வேண்டும். இந்தக் காலத் தாய்க்கு அந்தக் கை லாப்டாப் பைக்கும் மெட்ரோ கார்டுக்கும் தேவைப்படுகிறது.

சாலைக்கு வருவோம். உண்மையில் தீர்ப்புச் சொல்வது சாலைதான். இந்திய சாலைக் காங்கிரஸின் 2012ம் வருட வழிகாட்டி நெறிப்படி நடைபாதையில் நடக்க 1.8 மீட்டர் தடையில்லாத அகலம் வேண்டும். உயரம் 15 சென்டிமீட்டருக்கு மேல் போகக்கூடாது. ஹைதராபாதில் பல இடங்களில் நடைபாதை முழங்கால் உயரம். வாகனம் ஏறாமலிருக்க அப்படிக் கட்டினார்களாம். வாகனம் ஏறுகிறது, குழந்தை வண்டிதான் ஏறவில்லை. மேலே ஏற்றிவிட்டாலும் அங்கே ஏற்கெனவே வேறு தள்ளுவண்டிகள் நிற்கின்றன: மிளகாய் பஜ்ஜி, பானிபூரி, கொய்யாப்பழம். அவர்களைக் குற்றம் சொல்வதில் எனக்கு விருப்பமில்லை. அவர்களுக்கும் வேறு இடம் ஒதுக்கப்படவில்லை. 2017ல் வந்த மெட்ரோவில் லிஃப்ட் இருக்கிறது, ரயிலுக்குள் வண்டியைச் சுலபமாக உருட்டலாம். அமீர்பேட்டையில் இறங்கித் தெருவில் கால் வைத்ததும் வண்டியைத் தலையில் சுமக்கத் தோன்றும். தடையற்ற நடைபாதை, அரசியல் சட்டத்தின் 21வது பிரிவு தரும் உரிமையில் அடங்கும் என்று 2025 மே மாதம் சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கிறது. நல்ல செய்தி. மாரேட்பள்ளி வரை அது இன்னும் நடந்து வந்து சேரவில்லை.

தெருவில் வண்டியோடு போனால் இன்னொரு பிரச்சினை, புகை. பிரிட்டனின் சர்ரே பல்கலைக்கழகத்தில் பிரசாந்த் குமார் குழுவினர் 2018ல் சொன்னது இது: வண்டியில் குழந்தை மூச்சு விடுவது தரையிலிருந்து 55 முதல் 85 சென்டிமீட்டர் உயரத்தில். புகைக் குழாயின் மட்டத்துக்கு வெகு பக்கம். பெரியவர்களைவிட 60 சதவீதம் வரை அதிக மாசை அது சுவாசிக்க நேரலாம். வெயிலுக்காக வண்டியைத் துணி போட்டு மூடுகிறவர்கள் கவனிக்கவும்: உள்ளே காற்று நின்று அடுப்பாகிவிடும். 40 டிகிரி மே மாதத்தில் மார்போடு கட்டுவதும் இரண்டு பேரை ஒரே போர்வைக்குள் போடுவதுதான். அந்த இரண்டு மாதங்களுக்குக் காலை ஏழு மணிக்குள் போய்வருவதைத் தவிர இரு கட்சிக்கும் வேறு வழியில்லை.

துணிக் கட்சியிடம் எனக்கு ஒரு பயம் உண்டு. ஸ்கூட்டர். துணியில் கட்டிய பிள்ளையோடு கணவரின் பின்னால் ஏறி உட்காருவது சுலபமாக இருக்கிறது. சுலபமாக இருப்பதுதான் ஆபத்து. ஸ்லிங் நடப்பதற்கானது, விழுந்தால் காப்பாற்றாது. 2023 பிப்ரவரியிலிருந்து அமலில் உள்ள மத்திய மோட்டார் வாகன விதிப்படி, நான்கு வயதுக்கு உட்பட்ட குழந்தையை இரு சக்கர வாகனத்தில் கொண்டுபோக 30 கிலோ தாங்கும் பாதுகாப்புக் கச்சை வேண்டும். ஒன்பது மாதத்துக்கு மேல் ஹெல்மெட்டும் வேண்டும். வேகம் 40 கிலோமீட்டரைத் தாண்டக்கூடாது. ஹைடெக் சிட்டி மேம்பாலத்தில் ஐந்து நிமிடம் நின்று பார்த்தால் இந்த விதி எந்த நாட்டுக்கு என்ற சந்தேகம் வரும்.

நடக்கும்போதும் கவனம் வேண்டும். அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் 2010ல் எச்சரித்தது: இருபது வருடங்களில் ஸ்லிங் தொடர்பாக 14 மரணங்கள், அதில் 12 பேர் நான்கு மாதத்துக்கும் குறைந்தவர்கள். முகவாய் நெஞ்சில் புதைந்தால் சின்னக் குழந்தைக்கு மூச்சுக் குழல் மடிந்துவிடும். முகம் எப்போதும் கண்ணுக்குத் தெரிய வேண்டும், குனிந்தால் உச்சியில் முத்தமிடும் உயரத்தில் இருக்க வேண்டும், முகவாய்க்கும் நெஞ்சுக்கும் இடையில் ஒரு விரல் இடம் வேண்டும். வண்டி மட்டும் சாது என்று நினைக்க வேண்டாம். மடக்கும் கீலில் சிக்கி 12 குழந்தைகளின் விரல் நுனி துண்டானதால் 2009ல் அமெரிக்காவில் மெக்லாரன் நிறுவனம் பத்து லட்சம் வண்டிகளைத் திரும்பப் பெற நேர்ந்தது.

நான் எந்தக் கட்சி என்று கேட்பீர்கள். முதல் ஆறு மாதம் துணி, அதற்குப் பிறகு மடங்கும் மெல்லிய வண்டி என்பேன். ஆனால் என் ஓட்டு முக்கியமல்ல. வண்டி, பிள்ளையின் எடையை ஊரின் மேல் வைக்கிறது. துணி, ஓர் உடம்பின் மேல் வைக்கிறது. ஊர் வாங்கிக்கொள்ள மறுக்கும்போது யாருடைய உடம்பு என்பதுதான் கேள்வி. தாய்க்கு 2017ன் திருத்தத்தால் 26 வாரச் சம்பள விடுப்பு உண்டு. மத்திய அரசு ஊழியரான தகப்பனுக்கு 15 நாள் உண்டு. தனியார் கம்பெனித் தகப்பனுக்குச் சட்டத்தில் ஒன்றும் இல்லை. கம்பெனி மனது வைத்தால் உண்டு. பூங்காவில் வண்டி தள்ளும் ஆண்கள் நிறைய. சக்கரம் இருப்பதால் அது டிரைவிங் போலக் கௌரவமாக இருக்கிறதோ என்னவோ. துணி கட்டிய ஆண்கள் குறைவு. திருவிழாக் கூட்டத்தில் பிள்ளையைத் தோளில் ஏற்றிச் சாமி காட்டுகிற ஜாதிதான் நாம். பத்மாராவ் நகர் ஸ்கந்தகிரி முருகன் கோயில் படிகளில் வண்டி ஏறாது. அங்கே பிள்ளை அப்பாவின் தோளில்தான் போகிறது. தோளிலிருந்து மார்புக்கு ஒரு சாண் தூரம்.

வாங்கப் போகிறவர்களுக்கு ஒரே ஒரு யோசனை. கடையின் டைல்ஸ் தரையில் உருட்டிப் பார்த்து ஏமாறாதீர்கள். பக்கத்து வீட்டில் ஒரு வண்டியை இரவல் வாங்கி, அதில் ஆறு கிலோ அரிசியை வைத்து, உங்கள் வாசலிலிருந்து மருந்துக் கடை வரை தள்ளிக்கொண்டு போய்விட்டு வாருங்கள். அம்மா ஒரு முறை, அப்பா ஒரு முறை. எங்கள் தெருவில் அந்தத் தூரத்தில் ஒரு டிரான்ஸ்பார்மர், கேபிளுக்காகத் தோண்டி மூடாத இரண்டு குழிகள், ஒரு கரும்புச்சாறு மெஷின், நிறுத்தி வைத்த பதினோரு கார்கள்.